ஸ்பானிஷுக்கு இங்கிலீஷ் வழியாகப் போகாதீர்கள்

டெக்சாஸில் பத்துப் பேரில் நாலு பேர் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசுகிற நாடுகளின் வழிவந்தவர்கள். 2020 கணக்கெடுப்பும் அப்படித்தான் சொல்கிறது, 39 சதவீதம். நான் இருக்கிற சான் அன்டோனியோவில் பத்துக்கு ஆறு. அதில் இளவட்டங்கள் பலருக்கு இங்கிலீஷ்தான் வாயில் வரும். ஆனால் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க வருகிற பாட்டிமாருக்கு ஸ்பானிஷ்தான். நான் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் பார்மசி டெக்னீசியன், பார்மசிஸ்ட்டுக்கு உதவியாள். சொந்த ஊர் நாகர்கோவில். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் இந்த மாதிரி கவுண்டர் வேலைக்குப் போகலாமா என்று கேட்கிற நம்ம ஊர்ப் பெண்கள் அடுத்த மூச்சில் கேட்பது, "ஸ்பானிஷ் தெரியணுமாக்கா?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முழு மொழியும் வேண்டாம். நாள் பூராவும் இங்கிலீஷில் நாம் சொல்கிற வாக்கியங்கள் ஒரு ஐம்பது அறுபதுதான் இருக்கும். பேர் என்ன, பிறந்த தேதி என்ன, இன்சூரன்ஸ் கார்டு இருக்கா, இன்னும் ரெடியாகலை, அஞ்சு மணிக்கு வாங்க. இவற்றை ஸ்பானிஷாக்கத் தெரிந்தால் போதும். எல்லாரும் செய்வது, இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல் சொல்லாக அறுத்து ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷ் தேடுவது. என் வழி வேறு. இங்கிலீஷ் வாக்கியத்தை முதலில் வீட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் அந்தத் தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே ஸ்பானிஷில் இருக்கும்.

முதலில் வாய்

உச்சரிப்பில் அமெரிக்கர்களைவிட நமக்கு வசதி அதிகம். அவர்கள் 'டாக்கோ' என்பார்கள். மெக்சிகோக்காரர் சொல்வது 'தாக்கோ', பல்லில் நாக்கு படுகிற நம்ம த. ஸ்பானிஷில் நம்ம ட-வே கிடையாது. அதனால் இங்கிலீஷ் வாசனையில் ட வந்தால் த ஆக்கிவிடுங்கள், உடனே பாதி சரியாகிவிடும். இரண்டு என்பதற்கு 'தோஸ்'. அந்தத் 'தோ' தோசையின் தோ. எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு 'தோமே'. இந்தத் 'தோ' தோட்டத்தின் தோ. சொல்லுக்கு நடுவில் வருகிற த, க, ப மூன்றையும் அவர்கள் நம்மைப்போலவே மெலிதாகத்தான் சொல்வார்கள். 'நாதா' என்றால் ஒன்றுமில்லை. அந்த 'தா' நம்ம 'அது'வில் வருகிற மென்மை. 'அமீகோ'வின் க 'அகம்' மாதிரி.

வி, பி என்று இரண்டு எழுத்து எழுதுவார்கள், வாயில் இரண்டும் ஒன்றுதான். 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப. ஹெச் எழுத்துக்குச் சத்தமே இல்லை. ஜே எழுத்துக்கு நம்ம ஹ. எழுதியிருப்பதைப் பார்த்துப் படித்தால் குழம்பும், காதால் கேட்டு மனசில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இங்கே செய்திருப்பதும் அதுதான். 'ன்த' என்று பிரித்து எழுதியிருக்கிற இடங்களில் மட்டும் த-வை 'பந்து' மாதிரி மெலிதாக்காமல் அழுத்திச் சொல்லுங்கள்.

ர இரண்டு உண்டு. எங்கள் ஊரில் கரியும் கறியும் வேறு வேறு சத்தம். அந்தக் கறியின் ற-வை இன்னும் கொஞ்சம் உதறினால் ஸ்பானிஷின் இரட்டை ர. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் நாள் பிடிக்கும். ஆனாலும் யாருக்கும் மாத்திரை மாறிப்போகாது, விடுங்கள்.

ஞ-வில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இங்கிலீஷ் 'என்' எழுத்துக்கு மேலே ஒரு சின்ன அலைக்கோடு போட்டிருந்தால் அது ஞ. 'மஞானா' நாளைக்கு, 'பாஞோ' கழிப்பறை, 'ஆஞோ' வருஷம். கம்ப்யூட்டரில் அந்தக் கோடு போடாமல் அடித்தால் 'ஆனோ' ஆகிவிடும். அதற்கு அர்த்தம் ஆசனவாய். "எனக்கு நாற்பது வயது" என்று எழுத நினைத்து வேறு எதையோ கணக்குச் சொன்னதாக ஆகும்.

'எனக்கு' என்று தொடங்குகிற வாக்கியங்கள்

தமிழ் வழி போவதில் லாபம் இங்கேதான். இங்கிலீஷ்காரர் தலைவலியைக் கையில் வைத்திருக்கிற மாதிரி சொல்வார். நாம் 'எனக்குத் தலை வலிக்குது' என்போம். ஸ்பானிஷில் 'மே துவேலே லா கபேசா'. 'மே' எனக்கு, 'துவேலே' வலிக்குது, 'லா கபேசா' தலை. சொற்களின் வரிசைதான் கொஞ்சம் மாறுகிறது, தலைக்கும் வலிக்கும் உள்ள உறவு மாறவில்லை. 'உங்களுக்கு' என்றால் 'மே' போய் 'லே' வரும்: 'லே துவேலே?' வலிக்குதா? கேள்விக்குத் தனியாக ஒட்டு எதுவும் தேவையில்லை, குரலை உயர்த்தினால் போதும்.

எனக்குப் பிடிக்கும், 'மே குஸ்தா'. இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்கே பாடம் பாடமாகப் படிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் மொழியில் பிடிக்கிற ஆள்தான் எழுவாய். நமக்கு அந்தச் சங்கடமே இல்லை.

மறந்துபோச்சு: 'சே மே ஒல்பிதோ'. நான் வேண்டுமென்று மறக்கவில்லை, அது எனக்கு மறந்துபோச்சு என்கிற அதே தொனி. கைதவறிக் கீழே விழுந்தால் 'சே மே கயோ'. கவுண்டரில் அதிகம் காதில் விழுவது 'சே மே அக்கபாரோன் லாஸ் பஸ்தியாஸ்', எனக்கு மாத்திரை எல்லாம் தீர்ந்துபோச்சு. மாதக் கடைசியில் இதைக் கேட்காத நாளில்லை. கடையிலேயே சரக்கு தீர்ந்திருந்தால் 'சே நோஸ் அக்கபோ', எங்ககிட்டே தீர்ந்துபோச்சு.

வெட்கமாக இருக்கிறது என்பதற்கு மெக்சிகோக்காரர்கள் 'மே தா பேனா' என்பார்கள், எனக்குக் கூச்சமா இருக்கு. மலச்சிக்கலுக்கோ வேறு அந்தரங்கமான எதற்கோ மருந்து கேட்க வந்தவர் இப்படிச் சொன்னால் குரலைத் தணித்துக்கொண்டு கவுண்டர் ஓரத்துக்குப் போங்கள்.

இருக்கு, இல்லை இரண்டும் இன்னும் சுலபம். இருக்கு என்பதற்கு ஸ்பானிஷில் ஒரே ஒரு தமிழ் எழுத்து போதும்: 'ஐ'. இல்லை, 'நோ ஐ'. ஒன்றானாலும் நூறானாலும் அதே 'ஐ'தான். நான், நீங்க என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டியதில்லை, வினைச்சொல்லிலேயே ஆள் தெரிந்துவிடும். 'கியேரோ' என்றால் எனக்கு வேணும்.

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு. பசி, தாகம், காய்ச்சல், வயசு எல்லாவற்றையும் ஸ்பானிஷ்காரர் 'வைத்திருப்பார்'. 'தெங்கோ அம்ப்ரே' பசிக்குது, 'தெங்கோ ஃபியேப்ரே' காய்ச்சல் அடிக்குது. வெயிலில் வேர்த்து நின்றால் 'தெங்கோ கலோர்'. இங்கே இங்கிலீஷைப் பின்பற்றி 'எஸ்தோய் கலியென்தே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது படுக்கையறைப் பேச்சு.

இன்னொரு சிக்கல், இங்கிலீஷின் ஒரே 'இஸ்' ஸ்பானிஷில் இரண்டாகப் பிரியும். ஆளோடு ஒட்டியே இருக்கிற குணத்துக்கு 'எஸ்', இப்போதைய நிலைமைக்கு 'எஸ்தா'. அதனால் அலர்ஜி கேட்கும்போது 'எஸ் அலேர்ஹிக்கோ?' பெண்ணாக இருந்தால் 'அலேர்ஹிக்கா'. கர்ப்பமா என்று கேட்க 'எஸ்தா எம்பராசாதா?' இந்த விதிக்கு ஓட்டை உண்டு: செத்துப்போனவருக்கும் 'எஸ்தா'தான். மாறவே மாறாத நிலைமைதான், இருந்தாலும் அப்படித்தான்.

ஆண்பால் பெண்பால் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சொல்லைப் படிக்கும்போதே முன்னால் வருகிற 'எல்' அல்லது 'லா'வைச் சேர்த்துப் படியுங்கள். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்பார்கள். 'எல் தீயா', 'எல் ப்ரொப்லேமா' என்று சில முரண்டு பிடிக்கும். தப்பாகச் சொன்னால் பாட்டி சிரிப்பார், அவ்வளவுதான்.

ஒரு லேபிளைப் பிரித்துப் பார்ப்போம்

சாப்பாட்டோடு தினம் இரண்டு தடவை ஒரு மாத்திரை எடுக்கவும் என்று லேபிளில் இங்கிலீஷில் இருக்கிறது. 'தோமே ஊனா பஸ்தியா தோஸ் பேசேஸ் அல் தீயா கோன் கொமீதா'. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'தோமே': இங்கிலீஷின் 'டேக்' சர்வரோக நிவாரணி மாதிரி. மாத்திரையை எடுப்பது, புண்ணில் போட்ட கட்டைக் கழற்றுவது, வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் அதே சொல். ஸ்பானிஷில் மாத்திரைக்கு 'தொமார்', கழற்ற 'கித்தார்', கொண்டுபோக 'யெபார்'. அகராதியில் 'டேக்' என்று தேடினால் இது எல்லாம் ஒரே குவியலாக வரும். 'மாத்திரையை முழுங்குங்க' என்று தமிழில் சொல்லிவிட்டுத் தேடினால் குவியல் சுருங்கும். கடைசி 'மே' மரியாதை. 'தோமா' என்றால் 'முழுங்கு'.

'ஊனா பஸ்தியா': ஒரு மாத்திரை. 'தோஸ் பேசேஸ்': இரண்டு தடவை. 'அல் தீயா': நாளைக்கு, அதாவது ஒரு நாளில். நம்ம 'நாளைக்கு ரெண்டு வேளை' அச்சாக இதேதான். 'கோன் கொமீதா': சாப்பாட்டோடு. இதற்குப் பதில் 'காதா தோசே ஓராஸ்' என்று வந்தால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 'என் அயூனாஸ்' வெறும் வயிற்றில்.

ஒருநாளைக்கு ஒரு தடவை என்பதில்தான் கண்டம். இங்கிலீஷில் ஒருமுறை என்று எழுத ஓ, என், சி, ஈ என்று நாலு எழுத்து. அதே நாலு எழுத்தை ஸ்பானிஷ் தெரிந்தவர் 'ஓன்சே' என்று படிப்பார். 'ஓன்சே' என்றால் 11. பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷாக லேபிள் அச்சானால் ரத்த அழுத்த மாத்திரை நாளைக்கு 11 என்று ஆகும். அதனால் ஒரு லேபிளில் இரண்டு மொழியைக் கலக்கவே கூடாது. 'ஊனா பேஸ் அல் தீயா' என்று முழுசாக வரவேண்டும்.

இருமல் மருந்தில் கரண்டி. 'குச்சராதீத்தா' சின்னக் கரண்டி, 5 மில்லி. 'குச்சராதா' பெரிய கரண்டி, 15 மில்லி. நடுவில் ஒரு 'தீத்' காணாமல் போனால் குழந்தைக்கு மூன்று மடங்கு போகும். நாங்கள் கரண்டிக் கணக்கே சொல்வதில்லை. மில்லி எண்ணைச் சொல்லி, அளவுக் குழாயில் அந்தக் கோட்டைப் பேனாவால் காட்டிவிடுவோம்.

எண்களில் 60 'செசென்தா', 70 'செத்தென்தா'. கவுண்டர் சத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எந்த மொழிபெயர்ப்பையும்விட அது மேல்.

ஏமாற்றும் சொற்கள்

இங்கிலீஷ் மாதிரியே இருக்கிற ஸ்பானிஷ் சொற்களில் பெரும்பாலானவை உதவும். சிலது காலை வாரும். 'எம்பராசாதா' வெட்கப்பட்டவள் இல்லை, பிள்ளைத்தாய்ச்சி. 'ரெசேத்தா' சமையல் குறிப்பாகவும் இருக்கும், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டாகவும் இருக்கும். கடையில் தருகிற ரசீது மட்டும் அது இல்லை. 'சோப்பா' சூப், கை கழுவுகிற சோப்பு 'ஹபோன்'. 'ரோப்பா' கயிறு இல்லை, துணிமணி. 'எக்சித்தோ' வெற்றி, வெளியே போகிற வழி 'சலீதா'. 'மொலேஸ்தியா' என்று வயிற்றைக் காட்டினால் இங்கிலீஷின் 'மொலெஸ்ட்' என்று நினைத்துப் பதறாதீர்கள், லேசான உபாதை என்றுதான் சொல்கிறார். ஸ்பெயினிலிருந்து வந்தவர் 'கோன்ஸ்திப்பாதோ' என்றால் அவருக்கு ஜலதோஷம், மலச்சிக்கல் 'எஸ்த்ரெஞிமியென்தோ'.

எல்லாவற்றிலும் கொடூரமானது 'இன்தொக்சிக்காதோ'. 1980-ல் ஃப்ளோரிடாவில் நடந்தது, மருத்துவ மொழிபெயர்ப்புப் பாடங்களில் இன்றும் சொல்கிறார்கள். 18 வயதுப் பையனைச் சுயநினைவில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவைச் சேர்ந்த குடும்பம் அந்தச் சொல்லைச் சொன்னது. அவர்கள் பேச்சில் அதற்கு அர்த்தம், சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் காதுக்குப் போதை என்று கேட்டது. போதை மருந்து அதிகமானதாக வைத்துச் சிகிச்சை நடந்தது, மூளையில் ரத்தக்கசிவு இருந்ததைக் கண்டுபிடிக்கத் தாமதமாகி, பையனுக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன. நஷ்டஈடாகப் பேசி முடித்த தொகை சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர். அங்கே முறையான மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் மாதிரியே கேட்கிற சொல் வரும்போதுதான் "அப்படின்னா என்ன?" என்று திருப்பிக் கேட்கவேண்டும்: 'கே கியேரே தெசீர்?'

நீங்க, நீ, மாப்பிள்ளை

நீ 'தூ', நீங்க 'உஸ்தெத்'. நமக்கு விளக்கமே தேவையில்லை, யாரிடம் எது என்பதும் ஏறக்குறைய நம்ம கணக்குதான். கவுண்டரில் எப்போதும் 'உஸ்தெத்'. ஒரே வித்தியாசம், 'உஸ்தெத்'துக்கு வினைச்சொல் படர்க்கையில் வரும். எதிரில் உட்கார்ந்திருக்கிற மருமகனைப் பார்த்து மாமியார் "மாப்பிள்ளை என்ன சாப்பிடுறாரு?" என்பாரே, அதுதான். 'கோமோ எஸ்தா?' என்றால் எப்படி இருக்காரு, எப்படி இருக்கீங்க இரண்டுமே. எல் சல்வடோர், ஹோண்டுராஸ்காரர்கள் தங்களுக்குள் 'போஸ்' என்று இன்னொரு 'நீ' வைத்திருப்பார்கள். கேட்டால் புரிந்துகொண்டால் போதும், நாம் பேச வேண்டாம்.

வயசானவர்களைப் பேருக்கு முன்னால் 'தோன்', 'தோஞா' சேர்த்துக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்து அண்ணாச்சி மாதிரி, முகம் மலர்ந்துவிடும். 'மாந்தே?' என்று மெக்சிகோப் பாட்டி கேட்டால் "என்ன சொன்னீங்க?" நாம் சொன்னது காதில் விழவில்லை என்று அர்த்தம். நாம் மன்னிப்புக் கேட்க மூன்று சொல்: யாரையாவது கூப்பிட 'திஸ்குல்பே', நடுவில் புகுந்துபோக 'கோன் பெர்மீசோ', உண்மையிலேயே வருத்தம் என்றால் 'லோ சியென்தோ'. காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்பைவிட 'கிராசியாஸ் போர் எஸ்பெரார்', காத்திருந்ததற்கு நன்றி, நல்ல பலன் தரும்.

'ஆ-ஓரீத்தா' என்றால் அகராதியில் இப்பவே. மெக்சிகோவில் அது நம்ம "இதோ வந்துட்டேன்". ரெடியாகும் நேரத்தைச் சொல்லும்போது அந்தச் சொல்லைத் தவிர்த்து மணியைச் சொல்லுங்கள்: 'அ லாஸ் சின்கோ', அஞ்சு மணிக்கு.

புத்தக ஸ்பானிஷில் இன்சூரன்ஸ் 'செகூரோ'. டெக்சாஸில் பாதிப் பேர் 'அசெகுரான்சா' என்பார்கள். அது அகராதி ஆட்களுக்குப் பிடிக்காத சொல். நாம் 'பஸ்ஸு', 'காரு' என்பதைப்போல அவர்களுக்கு அது. எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதையே சொல்லுங்கள்.

பேர் தேடுவது

இதைச் சரியாகச் செய்தால் வரிசை பாதியாகும். பிறந்த தேதி, 'ஃபேச்சா தே நசிமியென்தோ'. அவர்கள் ஊரில் நாள் முன்னால், மாதம் பின்னால், நம்மைப்போல. 5/7 என்றால் மே மாதமா ஜூலையா என்று மாதத்தின் பேரைக் கேட்டுவிடுங்கள்.

பேரில் கடைசியில் இரண்டு குடும்பப் பேர் வரும். முதலாவது பொதுவாக அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. கார்சியா லோப்பேஸ் என்றால் லோப்பேஸில் தேடாதீர்கள், கார்சியாவில் தேடுங்கள். இங்குள்ள கம்ப்யூட்டர்கள் கார்சியாவை நடுப்பேராக்கிப் பதிந்து வைத்திருக்கும், அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு இருந்தாலும் இருக்கும். அப்பா பேரை இனிஷியலாகப் போட்டு வளர்ந்து, அமெரிக்காவில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் எதைப் போடுவது என்று திணறிய நமக்கு இது புரியாமலா போகும்.

ஃபோன் மொழிபெயர்ப்பான்

உதவும். மூன்று பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தனிச் சொல்லைப் போடாமல் முழு வாக்கியத்தைப் போடுங்கள். வந்த ஸ்பானிஷை வெட்டி மறுபடி இங்கிலீஷாக்கிப் பாருங்கள், வேறு ஏதாவது வந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள். 'தூ' வடிவத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள், பாட்டியிடம் 'முழுங்கு' என்று சொல்லிவிடக் கூடாது. சந்தேகத்துக்கு ஸ்பானிஷ் ராயல் அகாடமியின் அகராதி இணையத்தில் இலவசம். மருந்துச் சொற்களுக்கு அதைவிட நல்லது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் இணையதளம். ஒரே பக்கத்தை இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். நீரிழிவுப் பக்கம் ஒன்றைப் படித்தாலே ஒரு வாரத்துக்குச் சொற்கள் கிடைக்கும்.

மருந்தை எப்படி எடுப்பது, எது எதோடு சேராது என்பதெல்லாம் பார்மசிஸ்ட் சொல்லவேண்டியது. ஸ்பானிஷ் எவ்வளவு வந்தாலும் டெக்னீசியன் அதில் நுழையக் கூடாது. பேரன் இங்கிலீஷ் பேசுகிறான் என்று பத்து வயசுப் பையனை நடுவில் நிறுத்தாதீர்கள். மருத்துவத்தில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை, அவசர நிலைமை தவிர, மத்திய சட்டமே ஏற்பதில்லை. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், பார்மசிஸ்ட் சொல்லி முடித்ததும் நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். அதைக் கேட்க: 'மே புவேதே தெசீர் கோமோ லா பா அ தொமார்?' இதை எப்படி எடுத்துக்கப் போறீங்க, சொல்லுங்க பார்ப்போம்.

கூப்பிடுவதற்கு முன் அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'உன் மொமென்தோ, போய் அ யமார் அ உன் இன்தேர்ப்ரெத்தே'. ஒரு நிமிஷம், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடப் போறேன். அந்தப் 'போய்'க்கு அர்த்தமும் போறேன்தான், பஸ்ஸின் ப போட்டால் சரி. பதிலுக்குப் பாட்டி "சீ, சீ" என்பார். ஆமாம், ஆமாம் என்கிறார். முகம் சுளிக்காமல் ஃபோனை எடுங்கள்.